மாக்ஸா சுட்ட கொப்புளத்தை உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். (மாக்ஸா என்பது மாசிபத்திரி இலைப் பஞ்சை எரித்துத் தோலுக்குச் சூடு காட்டும் சீன சிகிச்சை.) மேல்தோல் மூடியிருக்கிற வரை கிருமி உள்ளே போவது கடினம். சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒட்டாத கட்டாகப் போடுங்கள். பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

கொப்புளம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சீனாவில் இருந்த வேறொரு பழைய முறை. மாசிபத்திரி இலைப் பஞ்சைச் சின்னக் கூம்பாக உருட்டி, தோல்மேலேயே வைத்து எரியவிட்டு, வேண்டுமென்றே புண்ணாக்கித் தழும்பு வர வைப்பார்கள். நீங்கள் செய்தது, அந்தப் பஞ்சைச் சுருட்டிய மாக்ஸா குச்சியைப் பற்றவைத்துத் தோலிலிருந்து தள்ளிப் பிடிக்கும் முறை. அதில் தோல் லேசாகச் சிவந்தாலே போதும்.

முழங்காலுக்குக் கீழே சூசான்லி என்னும் அக்குபங்சர் புள்ளியில் 20 நிமிடம் அசைக்காமல் காட்டினேன் என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் சாம்பல்தான். அது நீள நீளச் சூடு குறைந்ததுபோல் தெரியும், கை தானாகக் கிட்டே போகும். உதிர்ந்ததும் சட்டென்று சூடு ஏறிவிடும். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது.

முழுக்க ஆறிய பிறகு இப்படிச் செய்து பாருங்கள்:

1. அடிக்கடி சாம்பலைத் தட்டிவிடுங்கள்.
2. குச்சியை 3 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள்.
3. மற்ற கையின் இரண்டு விரல்களைப் புள்ளியின் இருபுறமும் வையுங்கள். விரல் சுட்டால் விலக்குங்கள். 10 நிமிடம் போதும்.

சர்க்கரை நோயோ காலில் மரமரப்போ இருந்தால் மாக்ஸாவை வீட்டில் செய்யவே வேண்டாம், இந்தக் கொப்புளத்தையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி, சிவப்பு பரவினாலோ சீழ், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள்.