பாப்பா பைலட் ஆகணும்னா சம்பளத்த எப்படி பாக்கணும்: ஏற்காட்டு அண்ணனுக்கு பதில்

அண்ணா, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. கேப்டன் ஆனா மாசம் அஞ்சாறு லட்சம் வரும்ங்கறது நிஜமான்னு ஒண்ணு. 2025 டிசம்பர்ல இண்டிகோ ப்ளைட்டு ஆயிரக்கணக்குல கேன்சல் ஆச்சே, பைலட்டுக்கும் மேனேஜ்மெண்ட்டுக்கும் அப்படி என்னதான் தகராறு, இந்த வேலைக்கா தோட்டத்த வித்து பாப்பாவ அனுப்பறதுன்னு இன்னொண்ணு. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே கேள்விதாங்க.

சம்பளம் நிஜம்தான். பெரிய ஏர்லைன்ல ஏர்பஸ் ஓட்டற கேப்டனுக்கு அந்தளவு வருது, பக்கத்து சீட்டுல உக்கார்ற பர்ஸ்ட் ஆபீசருக்கு, அதாவது கோ-பைலட்டுக்கு, சுமாரா ஒன்றரைல இருந்து ரெண்டரை லட்சம், நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டுக்கு வந்து போற ஏடிஆர் மாதிரி சின்ன ப்ளைட்டுன்னா அதவிட கம்மி, ட்ரெய்னியா சேந்த புதுசுல இன்னும் கம்மி. ஆனா இந்த நம்பரு கவர்மெண்ட் சம்பளம் மாதிரி மாசாமாசம் அப்படியே வராதுங்க. உங்க தோட்டத்துல காப்பி பறிக்கறவங்களுக்கு கிலோ கணக்குல கூலி குடுப்பீங்கல்ல, பைலட் சம்பளத்துல பெரும்பங்கு அந்த மாதிரிதான், பறக்கற மணிக்கணக்கு. பறந்தாலும் பறக்காட்டியும் மாசம் இவ்வளவு மணி நேரத்துக்கு காசு கட்டாயம்னு ஒரு அளவு வச்சிருப்பாங்க, அதுக்கு மேல ஓட்டினா கூடுதல். அந்த கட்டாய மணி எவ்வளவுங்கறதுலதான் பெரும்பாலும் சம்பள சண்டையே.

டாடாவோட இன்னொரு ஏர்லைனா இருந்த விஸ்தாராவையே பாருங்க. 70 மணி நேரத்துக்கு கட்டாய சம்பளம் வாங்கிட்டு இருந்தவங்கள ஏர் இந்தியாவோட சேக்கறதுக்கு முன்னாடி 2024ல 40 மணிக்கு இறக்கி புது காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட சொன்னாங்க. மணிக்கு இவ்வளவுங்கற ரேட்டு பெருசா மாறலன்னே வச்சுக்கோங்க, ரோஸ்டர்ல, அதாவது யாரு என்னிக்கு ஓட்டணும்ங்கற டியூட்டி பட்டியல்ல, மணி கொறஞ்சா வருமானம் படுத்துரும்ல. பைலட்டுங்க நெறைய பேரு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டாங்க, ஏப்ரல் தொடக்கத்துல ப்ளைட்டுங்க கேன்சல் ஆகி கடைசில கம்பெனியே ஓட்டற ப்ளைட்டு எண்ணிக்கைய சுமார் பத்து சதவீதம் கொறைக்க வேண்டியதாச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஏர் இந்தியாலயும் இதே கதைதான், சங்கங்க கையெழுத்து போடாதீங்கன்னு சொல்லி ரத்தன் டாடாவுக்கே லெட்டர் எழுதினாங்க. கொரோனால இண்டிகோ வெட்டின சம்பளத்த திரும்பக் கேட்டு 2022 ஏப்ரல்ல ஸ்ட்ரைக் பண்ண யோசிச்சதா சில பைலட்டுங்கள சஸ்பெண்டே பண்ணிட்டாங்க.

அப்புறம் ஏன் பிடிக்கலன்னா வேற கம்பெனிக்கு போகலைன்னு கேப்பீங்க. அங்கதாங்க விஷயமே இருக்கு. விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பான டிஜிசிஏவோட 2017 ரூல்படி வேலைய விடணும்னா கோ-பைலட் ஆறு மாசம் நோட்டீஸ் குடுக்கணும், கேப்டன்னா ஒரு வருஷம். ஐடி கம்பெனில மூணு மாசம் நோட்டீசுக்கே பசங்க பொலம்பறாங்க. 2023ல ஆகாசா ஏர்லைன்ல 43 பைலட்டுங்க நோட்டீஸ் முடிக்காம கிளம்பினதுக்கு கம்பெனி கோர்ட்டுக்கு போயிடுச்சு. இது போக ட்ரெய்னிங் பாண்டு இருக்கும், இத்தன வருஷத்துக்குள்ள போனா பணம் கட்டணும்னு எழுதி வாங்கற ஒப்பந்தம், கம்பெனி மாறினா சீனியாரிட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், சீனியாரிட்டி போச்சுன்னா கேப்டன் சீட்டும் தள்ளிப் போயிரும். ஜெட் ஏர்வேஸ்ல மாசக்கணக்கா சம்பளம் வராமலே சீனியர் பைலட்டுங்க ஓட்டிட்டு இருந்தாங்க, 2019 ஏப்ரல் 17ந் தேதியோட கம்பெனியே நின்னு போச்சு.

டிசம்பர் விஷயம் சம்பளத்த பத்தினது இல்லைங்க, தூக்கத்த பத்தினது. டிஜிசிஏ புது ரூல்ல பைலட்டோட வார ஓய்வு 36 மணி நேரம் இருந்தத 48 ஆக்கினாங்க, நைட்டு லேண்டிங் வாரத்துக்கு ஆறு வரைக்கும் இருந்தத ரெண்டா கொறைச்சாங்க. பைலட் சங்கங்க கோர்ட்டுக்கு போனதுக்கு அப்புறம்தான் இது நடைமுறைக்கே வந்துச்சு. ரூல் வரப்போறது முன்னாடியே தெரியும், அதுக்கு ஏத்த மாதிரி இண்டிகோ ஆள் எடுக்கல, அதான் ப்ளைட்டு கேன்சல் ஆச்சுன்னு சங்கங்க சொன்னாங்க. எனக்கும் அதுதான் நியாயமா படுது, ஆனா கம்பெனிய மட்டும் திட்டவும் முடியாது, எரிபொருள் செலவு, டாலர்ல ப்ளைட்டு வாடகைன்னு அவங்க கையில இல்லாத செலவே ஜாஸ்தி, அவங்களால அமுக்க முடியற எடம் சம்பளமும் ரோஸ்டரும்தான்.

இப்ப பாப்பா விஷயத்துக்கு வரேன். சம்பளத்துக்கு ப்ளைட்டு ஓட்டறதுக்கான லைசன்ஸ் சிபிஎல், அதுக்கு 200 மணி நேரம் பறக்கணும், இந்தியாலயே அம்பது லட்சம் கிட்ட ஆகும், அதுக்கு மேல ஏர்பஸ் டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ஒரு மாடல் ப்ளைட்ட ஓட்டற தகுதிக்கு, பதினஞ்சு லட்சம் பக்கம், ஏர்லைனே ஆள் எடுத்து பயிற்சிக்கு அனுப்பற கேடட் ப்ரோக்ராம்னா கோடிய தாண்டிடும். ஏழரை லட்சத்துக்கு மேல எஜுகேஷன் லோன்னா பேங்க்காரன் சொத்து அடமானம் கேப்பான். சிபிஎல் வாங்கிட்டு வேலை கிடைக்காம வருஷக்கணக்கா காத்திருக்கற பசங்க நாட்டுல நெறைய பேரு இருக்காங்க, அகாடமி விளம்பர நோட்டீஸ்ல அவங்க போட்டோ வராது. பெரிய ஈஎம்ஐய தலைல வச்சுக்கிட்டு மேனேஜ்மெண்ட் நீட்டற காண்ட்ராக்ட்ட பாத்து "இது வேணாம்"னு சொல்ற தைரியம் யாருக்குங்க வரும்? அதனாலதான் சொல்றேன், தோட்டத்த விக்காதீங்க, முழுசா அடமானமும் வைக்காதீங்க. ட்ரெய்னி சம்பளத்துல ரெண்டு வருஷம் ஓடினாலும் கட்ட முடியற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்க, ஐஜிஆர்யூஏ மாதிரி அரசு பைலட் பயிற்சி நிறுவனத்தோட என்ட்ரன்ஸ முதல்ல எழுதட்டும், கூடவே கரஸ்ல ஒரு டிகிரியும் போட்டு வைக்கட்டும்.

ஒரு ரூபா அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி டிஜிசிஏ அப்ரூவ் பண்ண டாக்டர்கிட்ட கிளாஸ் 2 மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான முதல் கட்ட உடம்பு டெஸ்ட்டு, எடுத்துருங்க, அது முடிஞ்சதும் கிளாஸ் 1. சில ஆயிரம்தான் ஆகும். கண்ணாடி போட்டிருக்கறது பிரச்சனை இல்ல, கலர் சரியா தெரியலன்னாதான் சிக்கல். பிளஸ் டூல பிசிக்ஸ், மேக்ஸ் இருக்கறதால அது ஓகே. அந்த சென்னை அகாடமி ஏஜென்ட் "சீட்டு ரெண்டுதான் பாக்கி"ன்னு தினமும் போன் பண்றான்னு சொன்னீங்க, எடுக்காதீங்க. மெடிக்கல் ரிசல்ட் வந்ததும் பாப்பாவ கூட்டிட்டு ஒரு நாள் சேலம் இறங்கி வாங்க, அவன் குடுத்த அக்ரிமெண்ட்டு காப்பியும் எடுத்துட்டு வாங்க, பாண்டு எத்தன வருஷம், பாதில விட்டா எவ்வளவு திருப்பி கட்டணும், வேலை "கேரண்டி"ன்னு போட்டிருக்கா இல்ல வெறும் "உதவி"ன்னு போட்டிருக்கான்னு மூணு பேரும் உக்காந்து வரிவரியா படிச்சுருவோம்.