அப்பாவின் என்எல்ஆர் 4.2: பயப்பட வேண்டுமா?

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை அகற்றும் அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்எல்ஆர் (நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களின் விகிதம்) 4.2 என்று பார்த்ததும், அப்பா அதிக நாள் இருக்கமாட்டாரோ என்று கலங்கிப் போயிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நியூட்ரோஃபில் 76 சதவீதம், லிம்ஃபோசைட் 18 சதவீதம், வகுத்தால் 4.2, அவ்வளவுதான். சிறுநீர்த் தொற்றோ ஸ்டீராய்டு மாத்திரையோகூட அதை ஏற்றிவிடும். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், எரிச்சல் ஏதாவது இருந்ததா?

இந்த விகிதம் கூடியவர்களை மொத்தமாகப் பார்த்தால் சிகிச்சையின் பலன் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஒருவரின் ஆயுளை அது சொல்லாது. கட்டி தசையைத் தாண்டியதா, நிணநீர்க் கணுக்களில் பரவியதா என்று அறுவைக்கு அப்புறம் வரும் திசு அறிக்கைதான் கனமானது.

அறிக்கையில் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். குறைந்திருந்தால் அறுவைக்கு முன்பே தேற்ற முடியுமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.