ஒயரிங் பட்டறையே கதி என்று கிடக்கும் பையனுக்கு என்ன படிப்பு?

வணக்கமுங்க. போன வாரம் பையனின் மார்க் ஷீட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். ப்ளஸ் டூவில் 600-க்கு 431. "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கேக்கறாங்க, கட்டறதா வேண்டாமா, ரெண்டு நாள்ல சொல்லிப்போடுங்க" என்றீர்கள். பையன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பரீட்சை முடிந்ததிலிருந்து சங்ககிரி ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறையிலேயே கிடக்கிறான், சோறு தின்னத்தான் வீட்டுக்கு வருகிறான் என்பது உங்கள் குறை. அவன் வேலை செய்வதைப் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை பட்டறைக்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோழித் தீவனம் ஏற்றும் பழைய மினி லாரி ஒன்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஹாரன்கூட இல்லை, பேட்டரி மட்டும் நன்றாக இருந்தது. உங்கள் பையன் நேராகப் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீள ஒயரைப் பிடித்தான். பியூசிபிள் லிங்க் என்பது அதுதான். காக்க வேண்டிய ஒயரைவிட நாலு கேஜ் மெலிசாக, அதாவது செம்பின் பரப்பில் சுமார் ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கிற மாதிரி போடுவார்கள். எங்காவது ஷார்ட் ஆனால் மற்ற ஒயருக்கு முன்னால் இது உருகிவிடும். மேலே இருக்கும் உறை தீப்பிடிக்காத வகை. அதனால் உள்ளே செம்பு உருகிப் போயிருந்தாலும் வெளியே முழுசாகத் தெரியும், கொஞ்சம் கொப்புளம் விட்டிருக்கும், அவ்வளவுதான். அவன் இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். ரப்பர் மாதிரி நீண்டது. "உள்ள கம்பி இல்லைங்க" என்றான்.

வண்டிக்காரருக்கு நாமக்கல்லில் லோடு காத்திருக்கிறது. "ஒரு கெட்டி ஒயரப் போட்டு உடு கண்ணு, பொறவு பாத்துக்கலாம்" என்று நச்சரித்தார். "கெட்டி ஒயர் போட்டா அடுத்த தடவை வண்டியே எரியுமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்து, ஒயரிங் கட்டோடு கையை ஓட்டிக்கொண்டே போனான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கிளிப் உடைந்து, கட்டு ஒரு பிராக்கெட்டின் மேல் உட்கார்ந்து தேய்ந்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரிந்தது. அதைச் சரிசெய்து, புதுக் கிளிப் போட்டு, அப்புறம்தான் அதே அளவு, அதே நீளத்தில் புது லிங்க் வைத்தான். லிங்க்கை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் திருச்செங்கோடு தாண்டுவதற்குள் மறுபடி உருகியிருக்கும். போனது என்ன என்று பார்க்கிற பையன்கள் நிறையப் பேர். ஏன் போனது என்று தேடுகிறவன் அபூர்வம். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் புத்தி 600-க்கு 431-ல் தெரியாது.

சரி, அப்போ பட்டறையிலேயே விட்டுவிடலாமா? கூடாது. அடுத்த வேலையிலேயே குறையும் தெரிந்தது.

அதே வண்டியில் ஹெட்லைட் மங்கல். பேட்டரியில் 12.6 வோல்ட். லைட்டைப் போட்டுவிட்டு பல்பில் மீட்டர் வைத்தால் 10.8. நடுவில் ஒயரையும் ஒயரையும் இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு, உள்ளிருக்கும் ஒரு டெர்மினல் (ஒயர் முனையின் உலோகத் துண்டு) லொடலொட, பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருக்கிறது. டெர்மினலைப் பிடித்திருக்கும் சின்ன நாக்கை ஊசியால் அமுக்கிவிட்டுப் பின்பக்கமாக எடுக்க வேண்டும். இவன் பிளேயரால் பிடுங்கினான், கப்ளரின் பிளாஸ்டிக் கூடு உடைந்தது. பட்டறைக்காரர் கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை முறுக்கி டேப் சுற்றச் சொன்னார். முறுக்கிச் சுற்றின ஜாயின்ட் மழைக்காலம் வரை தாங்கினால் பெரிசு. ஒயரைச் சரியான அளவு லக்கில் (ஒயர் முனையைப் பிடிக்கும் உலோகக் குழாய்) வைத்து கிரிம்பிங் பிளேயரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டி ஏற்றினால்தான் தண்ணீர் புகாது.

அவனிடம் கேட்டேன், "அந்த 1.8 வோல்ட் எங்கே போச்சு தம்பி?" முழித்தான். இயற்பியலில் 78 மார்க் வாங்கினவன்! அட்டைப் பெட்டியின் மேல் எழுதிக் காட்டினேன். 4 ஆம்பியர் ஓடுகிறது என்றால், 1.8-ஐ 4-ஆல் பெருக்கினால் ஏழு வாட்டுக்கு மேல். அந்தச் சின்னக் கப்ளருக்குள்ளேயே அவ்வளவு சூடு. அதனால்தான் பிளாஸ்டிக் உருகியது. அந்த அட்டையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கையில் இருப்பதும் புத்தகத்தில் படித்ததும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. பட்டறையில் சொல்லித்தர மாட்டார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பிஎஸ் 6 லாரி, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தது, நின்றது. இவன் கிட்டவே போகவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற வண்டியெல்லாம் அதுதான், கம்ப்யூட்டரும் சென்சாரும் நிறைந்தது. பழைய வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும், வேலையும் இருக்கும். ஆனால் சர்க்யூட் படம் படிக்கத் தெரியாதவன் நாற்பது வயதில் பழைய வண்டிக்காகக் காத்திருக்க வேண்டி வரும்.

என் யோசனை இது. முன்பணம் கட்டாதீர்கள். ப்ளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்ததால் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடம். முடித்த பிறகு ஆசை இருந்தால் பி.இ.-க்கும் நேரடி இரண்டாம் ஆண்டு வழி இருக்கிறது, அதனால் "இன்ஜினியர் ஆகாமப் போயிருவானோ" என்ற உங்கள் பயம் வேண்டாம். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவும் இரண்டு வருடம்தான், அரசு ஐடிஐ என்றால் செலவே கிடையாது என்று சொல்லலாம். பத்தாவதோடு வந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவனுக்கு இப்போது குறைவது கைவேலை இல்லை, அதன் பின்னால் இருக்கும் கணக்கு.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆட்டோ எலக்ட்ரிகல் லேப் எங்கே என்று கேளுங்கள். ஒயரிங் போர்டில் தூசி படிந்திருக்கிறதா, வண்டிக் கம்ப்யூட்டரில் பழுதைப் படிக்கும் ஸ்கேனர் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள், அவனுக்குத் தெரியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பியுங்கள். 2024 ஆகஸ்டில் நம் கோயம்புத்தூரில்தான் தொடங்கினார்கள். டிப்ளமோ முடித்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ். அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் எடுக்கிறார்கள். அந்த வருடம் கையில் பெரிதாகக் காசு வராது, இப்போதே மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

"ஒயர்மேன்னு சொன்னா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று உங்கள் வீட்டம்மா கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தவர்தான் ஜி.டி. நாயுடு, அவரும் பள்ளிப் படிப்பை முடித்தவர் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். "அது அந்தக் காலம்" என்பார்கள். அதுவும் நியாயம்தான். அதற்காகத்தான் கையில் ஒரு சான்றிதழும் இருக்கட்டும் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் வலது கையில் போட்டிருக்கும் வெள்ளிக் காப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே அது ஒரு தடவை மாட்டினால் காப்பு பழுக்கக் காய்ந்துவிடும், மணிக்கட்டில் தழும்பு நிரந்தரம். நான் சொன்னபோது சிரித்தான். நீங்கள் சொன்னால் கேட்பான். மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.