ஈற்றடியும் மடையும்

கேள்வி: எனக்கு வயது 43. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. செய்தி பார்த்தாலே மனம் கொதிக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதையாவது எழுதினால், கொழுந்தனார் வேறு கட்சிக்காரர் என்பதால் சண்டையில் முடிகிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், ‘எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள்’ என்ற வரியைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. தினம் ஒரு தலைப்பில் எழுதிப் பழகச் சொல்லி, தோழி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ‘நீங்கள் பார்த்த முதல் பனிப்பொழிவு’, ‘பாட்டி வீட்டு அடுப்படி’ என்று போகிறது அது. நாட்டு நடப்பை எழுத நினைக்கும் எனக்கு அடுப்படி எதற்கு? இது பள்ளிக்கூடக் கட்டுரை போல இல்லையா?
– வாசகி, சேரன்மகாதேவி பகுதி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பனிப்பொழிவை அடித்துவிடுங்கள். மார்கழியில் வைக்கோற்போரை நனைக்கும் பனிதான் நமக்குத் தெரியும். எந்த ஊருக்கோ எழுதிய தலைப்பை யாரோ அப்படியே நமக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அடுப்படியை அடிக்க வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வரியைக் கொடுத்து எழுதச் சொல்வதைப் பள்ளிக்கூட வேலை என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஈற்றடியை, அதாவது பாட்டின் கடைசி அடியை, முன்பே கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கம் நம் புலவர்களிடையே நெடுங்காலமாக இருந்தது. எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் என்ற சிறுவனை மட்டந்தட்ட நினைத்த காந்திமதிநாதன் என்பவர், ‘பாரதி சின்னப் பயல்’ என்று முடியும்படி பாடச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கொடுத்த அடியில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. சிறுவன் ‘காந்திமதிநாதனைப்’ என்று முந்தைய அடியை முடித்து, அடுத்த அடியைப் ‘பார் அதி சின்னப் பயல்’ என்று பிரித்துப் படிக்கும்படி செய்துவிட்டான். வசவு சொன்னவரிடமே திரும்பிப் போயிற்று. விருப்பம்போல் திட்டிக்கொள் என்று விட்டிருந்தால் அந்தச் சிறுவனும் நான்கு வசைச் சொற்களோடு நின்றிருப்பான் என்றே நினைக்கிறேன். அந்த மூன்று சொற்களில்தான் வந்து முடிய வேண்டும் என்ற கட்டு இருந்ததால்தான், சொல்லுக்குள் இருந்த பிளவு அவன் கண்ணில் பட்டது.

உங்களுக்குக் கோபத்தில் குறைவில்லை. அதைக் கட்டி நிறுத்த ஒரு வரப்பு இல்லை. ‘எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள்’ என்ற வரியில் நாள் இல்லை, இடம் இல்லை, கொள்ளை போன பொருள் எது என்பதும் இல்லை. அதனால் அதற்கு அடுத்த வரி பிறக்க வழியில்லை. படிப்பவரும் அதில் நீங்கள் எந்தக் கட்சி என்பதை மட்டுமே தேடுவார். உங்கள் கொழுந்தனார் செய்வதும் அதைத்தான்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். உங்கள் பாட்டி உலை வைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆற்றங்கரை ஊர் என்றால், விடிவதற்கு முன்பே பெண்கள் குடத்தோடு படித்துறைக்குப் போயிருப்பார்கள். குடத்தின் வாயில் துணியைக் கட்டி மொண்டார்களா, அப்படியே மொண்டார்களா? அதே படியில் இன்று இறங்கிப் பாருங்கள். அமலைச் செடி என்னும் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடக்கும். சற்று மேலே ஒரு சாக்கடை வாய் தெரிந்தாலும் தெரியும். தாமிரபரணி ஊர்களைத் தொட்டு ஓடும் இடங்களில் கழிவுநீர் கலப்பது நீதிமன்றம் வரை போன விஷயம். பாட்டி துணி கட்டி மொண்டதையும், நீங்கள் இன்று இருபது லிட்டர் கேனுக்குக் காசு எண்ணிக் கொடுப்பதையும் அடுத்தடுத்த இரண்டு பத்திகளில் எழுதிவிட்டு, நடுவில் ஒரு கண்டனமும் சேர்க்காமல் விட்டுப் பாருங்கள். அடுப்படியில் அரசியல் இல்லை என்று பிறகு சொல்ல மாட்டீர்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு தலைப்பை நான் தருகிறேன்: ‘இன்று அணையில் எத்தனை அடி?’ நம் பக்கத்தில் செய்தித்தாளைப் பிரித்ததும் அணை நீர்மட்டக் கட்டத்தைத் தேடாத விவசாயி இல்லை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழு அளவுகள் எங்களுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே இந்தத் தலைப்பில் கால் மணி நேரம் எழுதிப் பார்த்தேன். அப்பா நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்துவைத்ததும், அந்தத் தாள்களை அரிக்கன் விளக்குக்குப் பக்கத்துக் கம்பியில் குத்திவைத்ததும் நினைவுக்கு வந்தன. ஒரு வருடம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. ஜூன் போய் ஜூலையும் போன பிறகு, அவர் கம்பியிலிருந்து தாள்களை உருவி அடுப்பில் போட்டார். மறுநாள் அம்மா விதைநெல்லை அவித்தாள். அந்தப் பக்கத்தில் அரசாங்கம் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும், நாற்பது ஆண்டுகளாக அதைப் பற்றி நான் எழுதியவற்றில் இதைவிடக் கடுமையானது வேறொன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பயிற்சி, பழைய புலவர்கள் முறைப்படி. எதைப் பற்றி எழுதினாலும் கடைசி வாக்கியம் ‘அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை’ என்று முடிய வேண்டும். முறை வைத்து விடும் தண்ணீர் உங்கள் வயல் மடைக்கு வரவேண்டிய இரவில் யாரோ மேல்மடையை அடைக்காமல் விட்டிருக்கலாம். ரேஷன் கடையில் எடை குறைந்திருக்கலாம். வாக்குக் கேட்டு வந்தவர் வாசலில் ஒரு கவரை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த ஈற்றடி உங்களையும் சும்மா விடாது. பிறரை மட்டும் குற்றம் சொல்லும் எழுத்து ஏன் வெகு சீக்கிரம் சலித்துவிடுகிறது என்பது, இதை ஐந்தாறு முறை எழுதிய பிறகு உங்களுக்கே விளங்கும். தொடக்கத்தில் சில பக்கங்கள் மோசமாகத்தான் வரும், கிழிக்காமல் வைத்திருங்கள்.

கட்டுக்குள் எழுதினால் வேகம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 1908-இல் கைதாகி, கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனார் தம் வாழ்க்கையைச் சொல்ல அகவற்பா என்ற செய்யுள் வடிவத்தைத் தேர்ந்துகொண்டார். அவர் கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, நெல்லை நகரமே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். அத்தனை பாரத்தையும் சீர் எண்ணித்தான் அவர் இறக்கிவைத்தார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதால் மடைக்குத் தண்ணீர் வராது. அதற்கு மனு வேண்டும். மனுவின் மொழி வேறு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவில் பாட்டியின் குடத்துக்கு இடமில்லை. சர்வே எண்ணும் தேதியும் கோரிக்கையும் போதும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில், எந்தெந்தத் தேதியில் கால்வாயில் எவ்வளவு நீர் விடப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதில், ஒருவேளை உங்கள் அடுத்த தலைப்பாகவும் அமையலாம். எழுதியதைப் பிறர் படிக்கத் தருவதாக இருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னார் லஞ்சம் வாங்கினார் என்று ஆதாரமின்றிப் பெயர் சொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள். அவதூறு வழக்குக்கு இடம் கொடுப்பது அந்த வரிகள்தாம்.

வாட்ஸ்அப் குழுவுக்கு இப்போதைக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். மடையைப் பற்றி ஒரு பக்கம் தேறியதும், கொழுந்தனாரை வீட்டுக்கு வரச் சொல்லி, காப்பி கொடுத்து, நேரிலேயே படித்துக் காட்டுங்கள். உங்கள் குடும்ப வயல்கள் ஒரே மடையில் பாய்கிறவையாக இருந்தால், அவர் கட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேதியைத் திருத்துவார். அன்றைக்குத் தண்ணீர் வந்தது ராத்திரி பதினொன்றுக்கு அல்ல, இரண்டு மணிக்கு என்பார். பென்சிலைக் கையோடு வைத்திருங்கள்.