ஒப்பாரியைத் திருத்தலாமா?

அன்புள்ள ஐயா,

தாத்தா இறந்தபோது என் அத்தை பாடிய ஒப்பாரியை அண்மையில் அவரையே மறுபடி பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்தேன். தாத்தாவின் நினைவு மலரில் அதை அச்சிட எண்ணம். எழுதிப் பார்த்தால் சிக்கலாக இருக்கிறது. தாத்தா கூலி வேலை செய்தவர், பாட்டிலோ தங்கக் கட்டில் வருகிறது. ஒரே பகுதி சில சொற்கள் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் மதினியைக் குறை சொல்கிறார்; அந்த மதினி என் அம்மா. இவற்றையெல்லாம் நீக்கி, கொச்சையையும் திருத்தி வெளியிடலாமா? இதே வரிகளைப் பக்கத்து ஊர்ச் சாவிலும் கேட்டிருப்பதாக அம்மா சொல்கிறார். அப்படியானால் இது அத்தையின் சொந்தத் துக்கம்தானா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடை அதில்தான் இருக்கிறது.

ஒப்பாரியில் பெரும்பகுதி பொதுச்சொத்து. தொண்டை அடைத்து, மூச்சு வாங்கி, மாரில் அடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அந்த நேரத்தில் புதுப்பாட்டுக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. கேட்டுக் கேட்டுப் பழகிய அடிகள் தாமாக வாயில் வந்து விழுகின்றன. அவற்றில் உறவுப்பெயர், வீடு, தொழில், யார் யாரை விட்டுப் போனார் என்ற இடங்கள் காலியாக இருக்கும். பாடுகிறவர் அங்கேதான் தன்னுடையதை வைக்கிறார். கூலிக்கு மாரடிக்கிறவரும் செத்தவருக்குப் பிள்ளைகள் எத்தனை, பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் வாய் திறக்க முடியாது. எனவே பக்கத்து ஊர்ப் பாட்டோடு ஒத்திருக்கிறதே என்று கவலைப்படுவதை விட்டு, எங்கே ஒக்கவில்லை என்று பாருங்கள். முடிந்தால் அந்த ஊர்ப் பாடலையும் எழுதி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறுகிற சொற்களை அடிக்கோடிடுங்கள். உங்கள் அத்தை அந்தக் கோடுகளின் மேல்தான் இருக்கிறார்.

தங்கக் கட்டிலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பகுதி இது:

தங்கத்தால கட்டிலிட்டு
தாழ்வாரம் பந்தலிட்டு
சாஞ்சிருந்த எங்கப்பா – உன்
சாவடியும் சாஞ்சதென்ன

முதல் இரண்டடி உயர்த்தும், மூன்றாவது விளிக்கும், நான்காவது உடைக்கும். பல ஒப்பாரிகள் இந்த அமைப்பில்தான் நகரும். கட்டிலைக் கயிற்றுக் கட்டிலாக்கினால் உண்மைக்குப் பக்கத்தில் வரலாம், ஆனால் விழுவதற்கு உயரம் இருக்காது. மோனையும் போகும்: தங்கத்தில் தொடங்கியதால்தான் தாழ்வாரம் வந்தது, சாய்ந்ததால் சாவடி வந்தது. செத்தவரின் சொத்துக்கணக்கைப் பாட்டில் தேடக்கூடாது.

அடுத்த பகுதியில் தங்கம் வெள்ளியாகிறது, தாழ்வாரம் வெளித்திண்ணையாகிறது. அச்சில் வீணாகத் தெரிகிற இது, கட்டிப்பிடித்து அழுகிற பெண்களுக்கு மிகவும் தேவை. முதல்முறை கேட்டவர்கள் இரண்டாம் முறை கடைசி அடியில் சேர்ந்துகொள்வார்கள். பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இரண்டையும் அச்சிடுங்கள். 'மேற்படி' என்று போட்டுச் சுருக்கினால் மாறிய அந்த ஒரு சொல்லும் சேர்ந்து மறைந்துவிடும்.

கொச்சையைத் திருத்துவதுதான் அதிகம் நடக்கிற கெடுதல். உங்கள் பதிவிலேயே உதாரணம் இருக்கிறது:

எத்தன சனமிருந்தும்
பெத்த முகம் காணலியே

'பெத்த' என்பதைப் 'பெற்ற' என்று திருத்திப் பாருங்கள். எத்தன, பெத்த என்ற எதுகை அங்கேயே அறுந்துவிடும். 'காணலியே'யைக் 'காணவில்லையே' ஆக்கினால் அடியும் நீண்டுவிடும். ஒலித்தபடியே எழுதுங்கள். அடியை வாக்கியம் பார்த்து முறிக்காமல் மூச்சு பார்த்து முறியுங்கள். 'எங்கப்பா' போன்ற விளி தனியாக நின்றால் தனி வரி கொடுங்கள். இழுவையை 'அப்பாஆஆஆ' என்று நீட்ட வேண்டாம். அளபெடைபோல 'எங்கப்பாஅ' என்று ஓரெழுத்து சேர்த்தால் போதும். விம்மலைப் பிறைக்குறிக்குள் குறியுங்கள். புரியாத சொல்லுக்கு ஊகமாக எதையும் நிரப்பாமல் கோடிட்டு விட்டு, அத்தையிடம் போய்க் கேளுங்கள்.

இனி உங்கள் அம்மா.

வண்டி கட்டி நான் வந்தா
வாசலில யாரிருப்பா
மதினி வாசலில – எனக்கு
மணப்பலக யார் தருவா

அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்வது நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு அவற்றில் ஒன்று மட்டுமே. முதலில் வைக்கப்பட்டிருப்பது இளிவு, அதாவது பிறர் இகழ்வதால் வரும் இழிவு. அப்பா இருக்கும்வரை பிறந்த வீட்டில் அத்தைக்கு ஓர் இடம் இருந்தது. அவர் போனபின் அந்த வாசலில் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம்தான் இந்த நான்கு அடியும். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகிவிடுகிற பேச்சைச் சாவு வீட்டில் பாட்டாகச் சொல்ல மரபு இடம் கொடுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மதினியும் பதில் சொல்லாமல் சேர்ந்து அழுவாள். மகள் தகப்பனுக்குப் பாடும் ஒப்பாரிகளில் மதினி இல்லாதவைதான் குறைவு. உங்கள் அம்மாவுக்கென்று தனியாகக் கட்டியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். (உங்கள் அம்மாவும் தன் தகப்பன் சாவில் என்ன பாடினார் என்று கேட்டுப் பாருங்கள்!)

அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் அச்சிடவும் கூடாது. எழுதியதை முதலில் அத்தைக்கு முழுதும் வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதி வேண்டாம்தான். சரி என்றால், அம்மாவிடமும் அச்சுக்கு முன்பே காட்டிவிடுங்கள். நீக்க நேர்ந்தால் அந்த இடத்தில் புள்ளிகள் இட்டு, நீக்கியிருப்பதைத் தெரியப்படுத்துங்கள். அடிகளை ஒட்டவைத்து மறைக்காதீர்கள்.

பதிவைப் பற்றியும் ஒன்று. நீங்கள் அனுப்பிய ஒலியில் அடிகளின் முடிவு திடீர் திடீரென்று தேய்கிறது. கைபேசியின் இரைச்சல் குறைப்பு வசதி, நீண்ட இழுவையை இரைச்சல் என்று எண்ணி அமுக்கியிருக்கலாம். மறுபடி எடுத்தால் அதை அணைத்துவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். பதிவுச் செயலியின் ஒலி அளவுகாட்டி சாதாரணமாக -12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். விம்மல் திடீரென ஏறும்போது உடைந்துபோகாது. பாட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பலர் நினைப்பார்கள். தோட்டத்துக்கோ களத்துக்கோ கூட்டிப்போனால் பாடக்கூடும்.

மலரில் தலைப்புக்குக் கீழே பாடியவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று போடுங்கள். 'பின்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் பாடியது' என்ற குறிப்பும் அவசியம். சாவன்று பாடியது இதைவிட நீளமாக, அடிகள் முன்பின்னாக இருந்திருக்கும். இடையிடையே மற்ற பெண்களின் குரல்களும் வந்திருக்கும். அன்று கூட அழுதவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள், விட்டுப்போன அடிகள் அவர்களுக்கு நினைவிருக்கலாம்.