பனிமலை ஏற முறையாகக் கற்றுக்கொள்ள அடிப்படை மலையேற்றப் பயிற்சியில் சேரலாமா?

கேள்வியில் கூடவே மூன்று உபகேள்விகள் இருக்கின்றன: ட்ரெக்கிங் அனுபவம் மட்டும் போதுமா, உடம்பு தாங்குமா, ஹிந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா. நான் உத்தராகண்டில் இருக்கும் உத்தரகாசியில் இந்தப் பயிற்சி எடுத்தவன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சேரலாம். ஆனால் உச்சியில் நின்று கொடி பிடித்துப் படம் எடுப்பதுதான் ஆசை என்றால், இது உங்களுக்கான இடம் இல்லை. அடிப்படைப் பயிற்சியின் நோக்கம் சிகரம் கிடையாது. கடைசிக் கட்டத்தில் 'ஹைட் கெய்ன்' என்று ஒரு நாள் இருக்கும். பனியாற்றின் மேல்பகுதியில் ஓர் உயரம் வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். இதைவிட அதிகமாகச் செலவழித்தால், ஏதாவது ஒரு ட்ரெக்கிங் நிறுவனத்தோடு 6,000 மீட்டர் சிகரத்தைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம். கயிற்றை யாரோ கட்டியிருப்பார்கள், நீங்கள் கொக்கியை மாட்டிக்கொண்டு நடப்பீர்கள், அவ்வளவுதான். வழுக்கினால் என்ன செய்வது என்பதை அங்கே யாரும் பொறுமையாகச் சொல்லித்தரப் போவதில்லை. இந்தப் பயிற்சியில் நாள்கணக்காக அதைத்தான் செய்ய வைப்பார்கள்.

நாட்டில் பழைய நிறுவனம் டார்ஜிலிங்கில் இருக்கும் இமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிட்யூட். டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியதற்கு அடுத்த ஆண்டு, 1954-இல் தொடங்கியது. களப்பயிற்சிக்கு டென்சிங்தான் முதல் இயக்குநர். அங்கே சேர்ந்தால் சிக்கிமில் யுக்சோம், ஜோங்ரி வழியாக ரதோங் பனியாற்றுக்குப் போவீர்கள். உத்தரகாசி நேரு மவுண்டனியரிங் இன்ஸ்டிட்யூட் 1965-இல் வந்தது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் பயின்ற இடம். மணாலியிலும் பஹல்காமிலும்கூட அரசு நிறுவனங்கள் உண்டு. எங்கே போனாலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எது பெஸ்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதில் இடம் கிடைக்கிறதோ அதில் சேருங்கள். இடம் கிடைப்பதுதான் கஷ்டம், பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். பெண்களுக்கென்றே தனி பேட்ச்களும் நடக்கின்றன.

பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். உத்தரகாசியில் முதல் வாரம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தேக்லா பாறைகளில் போகும். முடிச்சுகள், பிலே (ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பது), ரேப்பல் (கயிற்றில் இறங்குவது), பாறை ஏறுதல். ஒரே முடிச்சை ஐம்பது தடவை போடச் சொல்லும்போது எரிச்சல் வரும். பனியில் விரல் மரத்துப்போய், கையுறையோடு அதே எட்டு வடிவ முடிச்சைப் போடும்போதுதான் காரணம் புரியும். கயிற்றை மிதித்தால் தொலைந்தீர்கள். பாறையில் மிதித்தாலே புஷ்அப் போடச் சொல்வார்கள். மிதிபட்ட கயிற்றுக்குள் மண்துகள் புகுந்து உள் இழைகளை அறுக்கும். பனியில் காலில் கிராம்பான், அதாவது பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்கள், இருக்கும், ஒரே மிதியில் கயிறு கெட்டுப்போகலாம். அந்தப் பழக்கம் பாறையிலேயே வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் மூட்டை தூக்கிக்கொண்டு காட்டு வழியே டோக்ரியானி பனியாற்றை நோக்கி நடை. பேஸ் கேம்ப் 12,000 அடிக்கு மேல். ஒரே நாளில் ஏறிவிட மாட்டார்கள். சில நாள் சாமானைக் கொஞ்ச தூரம் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கீழே வந்து தூங்க வேண்டும். வீண் அலைச்சல் மாதிரித் தெரியும். உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழகுவது அப்படித்தான். தலைவலியோ வாந்தியோ வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பார்கள். உயர நோய் நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விட்டால் கீழே இறக்குவதுதான் முதல் மருந்து. இறக்கவே தாமதமானால் ஆளே போகலாம்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி என்று நான் நினைப்பது செல்ஃப் அரெஸ்ட். பனி மூடிய சரிவில் வழுக்கி விழுந்தால் ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடாரியை) வைத்து நீங்களே உங்களை நிறுத்துவது. கீழே சமதளமாக முடியும் ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே வழுக்க விடுவார்கள். கோடாரித் தலை தோளுக்குக் கீழே மார்போடு ஒட்டி இருக்க வேண்டும். மற்றக் கை தண்டின் அடிமுனையைப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கூர்முனை உங்கள் தொடையிலேயே குத்தும். குப்புறத் திரும்பி, கோடாரியின் கூரான மூக்குப் பகுதியைப் பனியில் அழுத்தி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். பாதங்களை மட்டும் தூக்கியே வைத்திருக்க வேண்டும். கிராம்பான் பற்கள் வேகத்தில் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், அல்லது அப்படியே தலைகுப்புறத் தூக்கி எறியும். அதனால் பழகும்போது கிராம்பான் போட விட மாட்டார்கள், ஆனாலும் காலைத் தூக்கு என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். முதலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, பிறகு குப்புற, கடைசியில் மல்லாக்கத் தலை கீழாக. இந்தக் கடைசி வகையில் முதல் தடவை மூளை வேலையே செய்யாது. வானம் நகர்கிறது, காலர் வழியாகப் பனி உள்ளே போகிறது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே மறந்துவிடும். பக்கவாட்டில் கோடாரியை ஊன்றினால் கால்கள் தானாகக் கீழ்ப்பக்கம் சுழன்று வரும், அப்புறம் வழக்கம்போல் அழுத்த வேண்டியதுதான். யோசிக்காமலே கை அதைச் செய்யும்வரை விடமாட்டார்கள். சரிவில் வேகம் பிடித்த பிறகு நிறுத்துவது மிகவும் கடினம், முதல் ஓரிரு நொடிதான் கையில் இருக்கிறது.

பனியாற்றில் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே கயிற்றில் கட்டி நடக்க விடுவார்கள். மேலே பனி மூடியிருப்பதால் பிளவு இருப்பதே தெரியாது. ஒருவர் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் உடனே பனியில் குப்புற விழுந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். இடையில் கயிறு தொளதொளவென்று கிடந்தால் அவர் விழும் தூரமும் கூடும், உங்களை இழுக்கும் வேகமும் கூடும். ஆகவே முன்னால் போகிறவரின் வேகம்தான் உங்கள் வேகம். நல்ல ஓட்டக்காரர்கள் சிலருக்கு இதுதான் பெரிய சோதனையாக இருந்தது, மெதுவாக நடக்கவே முடியவில்லை அவர்களால்.

ஆபத்தே இல்லையா என்றால், இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நிறுவனத்தின் அட்வான்ஸ் (அடுத்த கட்டப்) பயிற்சிக் குழு திரௌபதி கா டண்டா 2 சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால், அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறியவர். அடிப்படைப் பயிற்சி நடக்கும் சரிவுகள் அதைவிடப் பாதுகாப்பானவைதான். ஆனாலும் வீட்டில் சம்மதம் கேட்கும்போது இதையும் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பு விஷயம். ஜிம்மில் வளர்த்த கை இங்கே பெரிதாக உதவாது. முதுகில் பாரத்தோடு மணிக்கணக்கில் நடக்கும் கால் வேண்டும். பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள், இறங்கவும் செய்யுங்கள். வெள்ளியங்கிரி போனவர்களுக்குத் தெரியும், முழங்கால் கெஞ்சுவது இறங்கும்போதுதான். ட்ரெக்கிங் அனுபவம் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் பாதகமில்லை.

ஹிந்தி தெரியாவிட்டால் முதல் இரண்டு நாள் முழிப்பீர்கள். கட்டளைகள் ஹிந்தியில் வந்தாலும் சாமான்களின் பெயரெல்லாம் ஆங்கிலம்தான், செய்து காட்டித்தான் சொல்லித்தருவார்கள். உங்கள் கயிற்றுக் குழுவில் யாராவது ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்.

முடித்து வந்ததும் நாமே ஒரு மலையை ஏறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாறையிலும் பனியிலும் நீங்கள் ஏறும்போது கயிற்றை மேலே கட்டி வைத்திருந்தது பயிற்றுநர்கள். எந்தச் சரிவு இன்று நம்பத்தகாதது, எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்ததும் அவர்களே. கயிற்றில் உபயோகமான ஓர் ஆளாக உங்களை ஆக்கி அனுப்புகிறார்கள், தலைவராக அல்ல. ஏ கிரேடு கிடைத்தால் அட்வான்ஸ் பயிற்சிக்குப் போகலாம், கயிற்றை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக முன்னால் ஏறுவதெல்லாம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

சாமான் கொடுக்கும் நாளில் பனி பூட்ஸை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். தடிமனான சாக்ஸ் போட்டு, லேஸை இறுக்கி, படியின் விளிம்பில் நான்கைந்து தடவை உதைத்துப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் முட்டினால் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மலைக்குப் போன பிறகு உங்கள் அளவு கிடைப்பது சந்தேகம், நகம் கறுத்துப்போய்த்தான் திரும்புவீர்கள்.