பேனா ஏறி இறங்கியபோது: உயிர்வேதியியல் கேள்வி – பதில்

கேள்வி: செல்லுக்குள் குளுக்கோஸ் சிதைவது ஒரே சீராக நடக்கும் என்றுதான் வகுப்பில் படித்தோம். அது அலைபோல ஏறி இறங்கும் என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். நம்பலாமா? – கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: தாராளமாக நம்பலாம். 1957-இல் ஹாலந்தில் டாய்சன்ஸ், ஆமெஸ் இருவரும் ஈஸ்ட் செல்களில் இதன் சாயலைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் விடாமல் துரத்திப் பிடித்தவர் பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் ஃபவுண்டேஷனுக்கு 1949 முதல் 1983 வரை இயக்குநராக இருந்தவர்.

அவருக்குக் கைகொடுத்தது, குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் என்.ஏ.டி.எச். (NADH) என்ற மூலக்கூறு. 340 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் அது 460 வாக்கில் நீலமாக ஒளிரும். ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு என்.ஏ.டி. ஆகிவிட்டால் ஒளிராது. அதனால் செல்லை உடைக்காமல், அமிலம் ஊற்றிக் கொல்லாமல், உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். பட்டினி போட்ட ஈஸ்டுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, ஆக்சிஜன் தீரும்வரை காத்திருந்தால், அந்த ஒளியின் அளவைக் காகிதத்தில் வரையும் ரெக்கார்டர் பேனா மேலே போகும், கீழே இறங்கும், மறுபடி மேலே போகும். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். எஸ்டாபுரூக், கோஷ் இருவரோடு சேர்ந்து சான்ஸ் இதை 1964-இல் வெளியிட்டார்.

உங்கள் வகுப்பில் சொன்னதிலும் தப்பில்லை. நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து, புள்ளி வைத்து, கோடு போடுவார்கள். ஒரு நிமிடச் சுற்றை நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் என்ன தெரியும்? நேர்கோடுதான் தெரியும்! கண்ணை எடுக்காமல் பார்க்கும் கருவி வந்த பிறகுதான் அலை தெரிந்தது. சான்ஸின் வாழ்நாள் வேலை முழுவதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: அலை எங்கிருந்து கிளம்புகிறது? – ஆசிரியர், விருதுநகர்

பதில்: குளுக்கோஸ் சிதைவின் ஆரம்பப் படிகளில் ஒன்றை நடத்தும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற என்சைமிலிருந்து. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) அதற்கு மூலப்பொருள், அளவு கூடினால் அதுவே தடையும் ஆகிறது. ஏ.டி.பி. செலவாகி ஏ.டி.பி.யின் மிச்சங்களான ஏ.எம்.பி.யும் மற்றவையும் சேர்ந்தால் என்சைம் முடுக்கிவிடப்படும். உடனே சர்க்கரை வேகமாகக் கீழ்ப்படிகளுக்கு இறங்கும். அங்கே ஏ.டி.பி. நிறைய உண்டாகி என்சைமை அடக்கும். மேல்தொட்டி நிரம்பிக் கொஞ்சம் வழிந்த பிறகே மோட்டார் நிற்பதும், நன்றாக வற்றிய பிறகே ஓடுவதும் போல, தாமதம்தான் அலையை உண்டாக்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. சான்ஸும் ஜெர்மானியரான பென்னோ ஹெஸ்ஸும் செல்லைப் பிழிந்தெடுத்த சாற்றிலேயே அலையைப் பார்த்தார்கள். அந்த என்சைமுக்கு முந்தைய சர்க்கரையைக் கொடுத்தால் அலை வந்தது. அதைத் தாண்டிய ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட்டைக் கொடுத்தால் வரவில்லை. அப்புறம் ஹெஸ் டார்ட்மண்ட் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார். மிகக் குறைந்த வேகத்திலும் அலை இல்லை, மிக அதிக வேகத்திலும் இல்லை. இடைப்பட்ட ஓர் எல்லைக்குள் மட்டும்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1971-இல் கோஷ், சான்ஸ், பை செய்த சோதனை. ஒரு கூட்டம் ஈஸ்ட் ஏறும்போது இன்னொரு கூட்டம் இறங்குமாறு வைத்து, இரண்டையும் கலந்தார்கள். அலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில், எல்லாச் செல்களும் ஒரே தாளத்தில் சேர, அது திரும்பி வந்தது. செல்லுக்குச் செல் தூது போவது அசிட்டால்டிஹைடு என்று 1996-இல் ஆம்ஸ்டர்டாம் குழு காட்டியது.

கேள்வி: சான்ஸ் ஒலிம்பிக் வீரர் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், தென்காசி

பதில்: உண்மை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5.5 மீட்டர் பாய்மரப் படகுப் போட்டியில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றார். படகின் பெயர் காம்ப்ளெக்ஸ் 2. என்சைமும் வினைப்பொருளும் சேர்ந்து நிற்கும் கூட்டை (காம்ப்ளெக்ஸ்) 1943-இல் கருவியால் காட்டியவர் வைக்கக்கூடிய பெயர்தான்.

கப்பல் தானாகவே திசை பிடிக்க ஒரு கருவியை இளவயதிலேயே செய்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் எம்.ஐ.டி.யின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் ரேடார் மின்சுற்றுகளில் வேலை பார்த்தார். அந்த மின்னணுவியலை அப்படியே செல்லுக்குக் கொண்டுவந்தார். கலங்கலான செல் கரைசலிலும் நிறமாற்றத்தை அளக்க இரட்டை அலைநீள ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் செய்தது அவர்தான். 2010-இல், 97 வயதில் காலமானார். கடைசிக் காலங்களில் அகச்சிவப்பு ஒளியை மண்டை ஓட்டின் வழியே செலுத்தி மூளையை அளந்துகொண்டிருந்தார்.

கேள்வி: இந்த அலையால் யாருக்கு என்ன லாபம்? – வாசகர், திருச்சி

பதில்: ஈஸ்டுக்கு லாபம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டின் பக்கவிளைவாகவே எனக்குப் படுகிறது. நம் கணையத்தின் கதை வேறு. ரத்தத்தில் இன்சுலின் சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பாக வருகிறது. டைப் 2 நீரிழிவில் அந்தத் துடிப்பு ஒழுங்கு குலைகிறது. பீட்டா செல்லில் இதே என்சைமின் அலைக்கு அதில் பங்கு உண்டு என்று ஒரு சாரார் வலுவாக வாதிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதைப் பார்க்க முடியுமா? – முதுகலை மாணவர், சேலம்

பதில்: ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டர் இருந்தால் முயலலாம். ஈஸ்டை எப்போது அறுவடை செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். வளர்ப்புக் கரைசலில் குளுக்கோஸ் தீர்ந்த அந்த வேளையிலேயே எடுங்கள். கழுவி, பாஸ்பேட் பஃபரில் சில மணி நேரம் ஆட்டிப் பட்டினி போடுங்கள். பிறகு குளுக்கோஸ் சேர்த்து, கியூவெட்டை மூடிவிடுங்கள். கட்டுரைகளில் சயனைடு போடச் சொல்லியிருப்பார்கள், அதைத் தொடவே வேண்டாம். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்தாலே சில அலைகள் வந்து தேய்ந்து அடங்கும். ரீடிங்கை வினாடிக்கு ஒன்றாக வையுங்கள்.